ஜோசபின் பாடியது உள்ளே இருக்கிறது

தேஹு ரோடு
3 நவம்பர் 2025

ராம்கி,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்துக்கொள். கோபம் தீர்ந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தீபாவளியிலிருந்து நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. மணி காதில் விழுகிறது, உன் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. இதைக்கூட எழுதிவைக்க வேண்டியிருக்கிறது பார். இல்லாவிட்டால் இதையும் என் மறதியில் சேர்த்துவிடுவீர்கள், நீயும் என் பிள்ளை தேஜஸும். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது. அதனால்தான் இது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே மறந்தேன் என்று நீயே காட்டு. மழைக்காலத்தில் நம் பழைய கம்ப்யூட்டர் பெட்டி 'டப்' என்றது, கொஞ்சம் புகை வந்தது, நின்றுவிட்டது. தேஜஸ் புது லேப்டாப் வாங்கிக்கொடுத்தான். நீ கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, அவன் அதிலும் லினக்ஸ் போட்டான். பிறகு என் பழைய வெளி ஹார்ட் டிஸ்கை அதில் சொருகினேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. அது என்ன வார்த்தை என்பதை உன்னிடமே சொன்னேன். நீயும் அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக என் லேப்டாப்புக்குள் நுழைந்து அடித்துப் பார்த்தாய். அதுவும் தவறு.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தேஜஸைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவை ஒரு டாக்டர்ட்ட காட்டுடா" என்று சொல்லியிருக்கிறாய். அவன் அன்றைக்கே இங்கே வந்து சமையலறையில் நின்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்த கறையைப் பார்த்துவிட்டுத் துடைத்தான். அந்தத் துடைப்பு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அடுத்த ஞாயிறு கேஸ் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, தானே அணைந்துகொள்ளும் மின்சார அடுப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனான். இப்போது, "அம்மா, வாகட்லயே எங்களோட இருந்துடுங்க, தனியா எதுக்கு?" என்கிறான். பேச்சு அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டின் இன்னொரு சாவி இப்போது அவன் பையில் இருக்கிறது.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் ராம்கி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த டிஸ்க் பழைய பெட்டியில் ஒரு நாள்கூட என்னிடம் தகராறு செய்ததில்லை. எனவே பழைய பெட்டியில் சொருகினால் திறக்கும். பெட்டியைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடச் சொல்லி தேஜஸ் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் அதைத் திரும்பத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருக்கிறேன்.

அதை எழுப்ப வழி சொல். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

ஆனந்தவல்லி


கோயம்புத்தூர்
11 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போடுகிறேன், எனக்குக் கோபம் இல்லை.

நான் தேஜஸிடம் சொன்னது ஒரே ஒரு வரி. அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது? பீரோ சாவி. 'இங்கதான் வச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாள். நாம் இரண்டு பேரும் அவள் சொன்னதை நம்பி வீட்டையே புரட்டினோம். கடைசியில் உன்னையே 'நீ யாரு தாயி?' என்று கேட்டாள். நீ கிணற்றடிக்குப் போய் அழுதாய். நான் பார்த்தேன். நீ போனில் அதே உறுதியோடு பேசியபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது. இதுதான் உண்மை.

கணினிக்கு யார் மேலும் கோபமோ பாசமோ கிடையாது அக்கா. நீ பூட்டியபோது கொடுத்த சொல்லைக் கொடுத்தால் திறக்கும், வேறு எதைக் கொடுத்தாலும் திறக்காது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, சோதித்துவிட்டேன். அப்படியென்றால் சொல்தான் தவறு. எழுதும்போது எனக்கே இது கல்நெஞ்சாகத்தான் தெரிகிறது. ஆனால் வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியை எழுப்புவது பற்றிக் கேட்டிருக்கிறாய். அது 32 பிட் கணினி, ஒரே ஒரு ஜி.பி. நினைவகம். இன்றைக்கு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே அது மூச்சு வாங்கும். நாம் அதில் போட்டிருந்த டெபியன் லினக்ஸ் இருக்கிறதே, அதன் இந்த வருடப் பதிப்பை 32 பிட் கணினிகளில் இனி புதிதாக நிறுவ முடியாது. உலகமே அந்தத் தலைமுறைப் பெட்டிகளுக்கு விடைகொடுத்தாயிற்று. அதற்காகச் செலவழிக்கும் பாடு வீண்.

இப்படி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். 2008-இல் ஹிஞ்சவடி வேலைக்கு வந்து உன் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேனே, அப்போது அதைச் சேர்த்தது ஞாபகம் வந்துவிட்டது. அலுவலகத்தில் தூக்கிப்போட்ட மதர்போர்டு, யாரோ கொடுத்த கேபினெட். மின்சாரம் போய்விட்டது. சங்கரன் அத்தான் டார்ச் பிடித்தார். பிடித்த இடத்தில் பிடிக்காமல், நான் என்ன செய்கிறேன் என்று எட்டிப்பார்த்துப் பார்த்து, வெளிச்சம் எல்லாம் சுவரில். முதல் தடவை அது 'பீப்' என்றதும் அவர் கைதட்டினார், டார்ச் கீழே விழுந்தது. நீ பஜ்ஜி போட்டாய். ஜோசபின் அக்கா பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து வந்து, "என்னடே, குழந்தை பொறந்தாப்ல சத்தம்?" என்றாள்.

டிஸ்கில் இருக்கும் அந்தக் குரலுக்காகத்தான் நீ இந்தப் பாடு படுகிறாய் என்று புரிகிறது. ஆனாலும் டாக்டரைப் பார்ப்பதில் என்ன தவறு?

உன் தம்பி
ராம்கி


தேஹு ரோடு
20 நவம்பர் 2025

ராம்கி,

அம்மாவை இழுத்தாய். சரி. நானும் அவளை நினைக்காமல் இல்லை. நீ கோயம்புத்தூரில் இருந்து நினைப்பதற்கும், ராத்திரி படுத்துக்கொண்டு 'இன்று யார் யாரோடு பேசினேன், என்ன சமைத்தேன்' என்று எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நீ பற்றவைத்த வேலை இது. முன்பெல்லாம் ஒரு பெயர் சட்டென்று வராவிட்டால் சிரித்துவிட்டுப் போவேன். இப்போது அது வரும்வரை அடுத்த வேலை ஓடுவதில்லை.

அதனால் நீ வீண் என்று சொன்னதை நான் கேட்கவில்லை. பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டு சிஞ்ச்வட்டில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். பக்கத்தில் இருந்த பெண்மணி குழந்தை என்று நினைத்து எட்டிப்பார்த்தாள். கடைக்காரர் போர்வையை விலக்கிவிட்டு, "ஆண்ட்டி, ஹே தர் பங்கார் ஆஹே" என்றார், இது குப்பை என்று. நானும் மராத்தியிலேயே, ராணுவ டிப்போவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள், எது குப்பை என்று எனக்குத் தெரியும், பவர் சப்ளையை மாற்று என்றேன். சிரித்துவிட்டார். வேறொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றி மாட்டினார். விசிறி சுற்றியது ராம்கி! அதே சத்தம், கொஞ்சம் இருமல் போல.

ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க் போய்விட்டதாம். 'கடக் கடக்' என்கிறது. நீ போட்டிருந்த சிஸ்டம் அதோடு போயிற்று. இப்போது ஓட்டினால் கறுப்புத் திரையில் சிஸ்டம் இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கிறது. இங்கேதான் எனக்கு நீ வேண்டும்.

ஜோசபின் நேற்று வந்திருந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனதிலிருந்து அவள் போனில் தட்டித்தட்டிக் காட்டுவாள், நாம் படிக்க வேண்டும். அவள் பெண் ப்ரீத்திக்கு ஜனவரியில் கல்யாணம். ப்ரீத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வல்லி ஆண்ட்டி, மம்மி பாடுனது உங்ககிட்ட இருக்குல்ல? எனக்கு ஷாதிக்கு முன்னாடி ஒரு தடவை கேக்கணும். மம்மியோட வாய்ஸ் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துட்டு வருது" என்றாள். ஜோசபின் தலையைக் குனிந்துகொண்டாள். நான் 'இருக்கு, தரேன்' என்று சொல்லிவிட்டேன்.

அந்த டிஸ்கை ஏன் பூட்டினோம் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2013. டிப்போ பெரிய அதிகாரியைக் கிண்டல் செய்து ஜோசபின் பாட்டுக் கட்டினாள். 'பெரிய தொரை வாராக பேனாவைத் தேடி, காதுல பேனா இருக்க மேசையெல்லாம் ஓடி.' நான் அதைப் பெட்டியில் பதிவு செய்தேன். மறுநாளே பயம் வந்துவிட்டது. எவனாவது கேட்டு மேலே சொன்னால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போகும் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ லீவில் வந்து, பாட்டை வெளி டிஸ்குக்கு மாற்றி, 'திருடனே தூக்கிட்டுப் போனாலும் திறக்க முடியாது அக்கா' என்று பெருமையாகப் பூட்டுப் போட்டாய். திருடன் வரவில்லை. சொந்தக்காரிதான் வெளியே நிற்கிறேன்.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாஸ்வேர்டு மட்டும் மறந்துவிட்டதா?

ஆனந்தவல்லி


கோயம்புத்தூர்
28 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இங்கே வீட்டில் வாசித்துக் காட்டினேன். போர்வையில் சுற்றிக்கொண்டு போனதைக் கேட்டு உன் தம்பி பெண்டாட்டி சிரித்தாள். பிறகு, "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு" என்று பரணைப் பார்த்தாள். பரணில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். எந்த அலுவலகத்தில் எந்தப் பழைய லேப்டாப்பைக் கழித்தாலும் என் கை சும்மா இருப்பதில்லை. அவற்றுக்கெல்லாம் சின்னதாக ஒரு லினக்ஸ் போட்டு எழுப்பி உட்காரவைப்பதில் எனக்கு ஒரு சுகம். உனக்கு மட்டும் வீண் என்று எழுதினேன். யோசித்தால் வெட்கமாக இருந்தது.

ஆகவே இத்துடன் ஒரு பென் டிரைவ். இதில் இருக்கும் சிஸ்டம் டெபியனின் முந்தைய பதிப்பின் மேல் கட்டியது, 32 பிட்டுக்கு இன்னும் கதவை மூடாதது, சாப்பாடும் குறைவு. உன் பெட்டியோடு வயதொத்த ஒன்றில் மூன்று நான்கு வகைகளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே டிஸ்க் செத்துப்போனதைப் பற்றிக் கவலைப்படாதே. இது பென் டிரைவிலிருந்தே ஓடும். பெட்டியைப் போட்டதும் எஃப்12 விசையை விடாமல் தட்டிக்கொண்டே இரு. ஒரு பட்டியல் வரும். அதில் யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடு. பிறகு பொறுமை. நீ காபி குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். பயப்படாதே, கைவைக்காதே. மேசைத்திரை வந்ததும் வெளி டிஸ்கைச் சொருகு. கேட்கும். அடி.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. டிஸ்கின் பூட்டு டிஸ்கிலேயே இருக்கிறது. எந்தக் கணினியில் சொருகினாலும் அதே பூட்டு, அதே சாவி. பழைய பெட்டியில் திறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் திறக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அதிலும் திறக்காவிட்டால், தேஜஸோடு டாக்டரிடம் போக வேண்டும். எனக்காக. அம்மாவை இரண்டாம் தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை அக்கா.

சம்மதம் என்று எழுத வேண்டாம். பென் டிரைவைச் சொருகினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ராம்கி


வாகட்
12 டிசம்பர் 2025

ராம்கி,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தேஜஸ் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உன் பென் டிரைவ் நன்றாக வேலை செய்தது. நீ சொன்னபடியே காபி குடித்துவிட்டு வந்தேன், யோசித்துக்கொண்டிருந்தது. இன்னொரு காபி. திரை வந்தது. அந்தப் பெட்டியில் மறுபடி வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிஸ்கைச் சொருகினேன். கேட்டது. சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு விசையாக, நிதானமாக அடித்தேன். கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. தவறு என்றது. மறுபடி. தவறு. எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. தேஜஸ் வந்து பின்னால் நின்றதுகூடத் தெரியவில்லை. அவன் என் தோளைத் தொட்டு, "அம்மா, போதும்மா. சலோ, வீட்டுக்குப் போலாம்" என்றான். நான் எழுந்துவிட்டேன்.

நீ ஜெயித்துவிட்டாய். அதைச் சொல்லவே இந்தக் கடிதம். 27-ஆம் தேதி சனிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். போகிறேன். தேஹு ரோடு வீட்டை என்ன செய்யலாம் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று நிச்சயமில்லை என்று ஆகிவிட்ட பிறகு, நான் எதை வைத்துக்கொண்டு வாதாடுவேன்? நேற்று தேஜஸ் பெண்டாட்டி, "அத்தை, மாத்திரை சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பயமாக இருக்கிறது ராம்கி. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜோசபினிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போனை அணைத்துவைத்திருக்கிறேன்.

பெட்டி எழுந்ததும் அதிலேயே தமிழில் அடித்து உனக்கு ஒரு மெயிலாவது அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் முடியவில்லை. முன்பெல்லாம் பெட்டியைப் போட்டதும் தமிழ்தான் வரும், இங்கிலீஷ் வேண்டுமென்றால்தான் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். நீ லீவில் வந்தபோது, தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு நான் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படி மாற்றிக்கொடுத்தாய். இப்போது நீ அனுப்பியதில் எதை அடித்தாலும் இங்கிலீஷ். புது லேப்டாப்பும் அப்படித்தான். போகட்டும், யாருக்கு எழுதப்போகிறேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கோயம்புத்தூர்
17 டிசம்பர் 2025
விரைவுத் தபால்

அக்கா! அக்கா!

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அலுவலகம் போகவில்லை. உனக்குப் போன் போட்டேன், அணைந்திருக்கிறது. தேஜஸுக்குப் போட எடுத்த கையைக் கீழே வைத்துவிட்டேன். உன் விஷயத்தை அவனிடம் ஒரு தடவை சொல்லிக் கெடுத்தது போதும். இந்த முறை நீயே அவன் முன்னால் திறந்து காட்டு.

கேள். நீ எதையும் மறக்கவில்லை. பாஸ்வேர்டு நீ சொன்னதேதான். உன் விரல்கள் அன்றைக்கு அடித்த அதே விசைகளைத்தான் இன்றைக்கும் அடிக்கின்றன.

பூட்டுப் போட்ட அன்று உன் பெட்டியில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. நீ இங்கிலீஷில் அடிப்பதாக நினைத்து அடித்தாய். ஜே விசையை அழுத்தினாய், அது 'ப' என்று எடுத்துக்கொண்டது. ஓ விசையை அழுத்தினாய், 'ட' என்று எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் எழுத்துத் தெரியாது அல்லவா, வெறும் கறுப்புப் புள்ளிதானே வரும்? உனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. அர்த்தமே இல்லாத ஒரு தமிழ் எழுத்துக்கூட்டம்தான் இத்தனை வருடமும் உன் பூட்டுக்குச் சாவி. பெட்டி தினமும் தமிழில்தான் எழுந்தது, நீயும் தினமும் அதே விசைகளை அடித்தாய், தினமும் திறந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? புது லேப்டாப் இங்கிலீஷில் எழுந்தது. என் பென் டிரைவும் அப்படியே. நான் இங்கிருந்து அடித்தபோதும் இங்கிலீஷில்தான் அடித்தேன். கை சரி, வார்த்தை சரி, கேட்டவனுக்குத்தான் பாஷை வேறு.

கூகிளில் தேடியும், இணைய மன்றங்களில் கேட்டும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? உலகத்தில் எத்தனை பேர் அக்காவுக்குத் தமிழை முதல் மொழியாக வைத்துவிட்டு, அன்றைக்கே பூட்டும் போட்டிருப்பார்கள்?

செய்ய வேண்டியது இதுதான். அமைப்புகளில் விசைப்பலகை என்று இருக்கும். அதில் தமிழ்99 சேர்த்து, அதை மேலே முதலாவதாக நகர்த்து. ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து அதில் ஜே விசையை ஒரு தடவை தட்டிப் பார். 'ப' வந்தால் டிஸ்கைச் சொருகி, எப்போதும் அடிப்பது போல யோசிக்காமல் அடி. புது லேப்டாப்பிலும் திறக்கும். ஆனால் நீ அந்தப் பெட்டியிலேயே திற. அது எழுந்திருக்காவிட்டால் நீ அந்தக் கடைசிப் பத்தியை எழுதியிருக்க மாட்டாய், எனக்கும் உறைத்திருக்காது.

அக்கா, நீ அத்தனை உறுதியாகச் சொன்னாய். நான் உன்னை நம்பாமல் கணினியை நம்பினேன்.

ராம்கி


தேஹு ரோடு
26 டிசம்பர் 2025
மின்னஞ்சல்

அன்புள்ள ராம்கி,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். பெட்டியில், தமிழில், நானே அடிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்துத்தான் திரையில் வருகிறது, ஆனால் வந்துவிடுகிறது.

உன் கடிதம் வாகட் வந்தது. வாசித்துவிட்டு நேராக தேஜஸிடம் போய், "என்னை இப்பவே தேஹு ரோடு கூட்டிட்டுப் போ" என்றேன். அவனுக்கு ஏதோ மீட்டிங். "அம்மா, ப்ளீஸ்..." என்று ஆரம்பித்தான். "நீ வரலைன்னா ஷேர் ஆட்டோ இருக்கு" என்று செருப்பை மாட்டினேன். காரை எடுத்துவிட்டான். வழி முழுக்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பாவம், முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

தமிழ்99 சேர்த்தேன். ஜே விசையைத் தட்டினேன். 'ப' வந்தது. அந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பிறகு டிஸ்கைச் சொருகி, சாமி படத்தைக்கூடப் பார்க்காமல் அடித்தேன்.

திறந்தது.

நான் தேஜஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிவிட்டேன். உன் கடிதத்தை மட்டும் அவன் கையில் கொடுத்தேன். தமிழ் வாசிக்க அவனுக்குத் தடுமாறும், எழுத்துக்கூட்டித்தான் படித்தான். கடைசி வரி வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கடிதத்தை மடித்துக்கொண்டே, "டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணிடறேன்மா" என்றான். "வேண்டாம், போகலாம். இந்த வயசுல ஒரு தடவை பார்த்துக்கறது நல்லதுதான். ஆனா பாஸ்வேர்டுக்காக இல்ல" என்று சொன்னேன். எனக்கும் அம்மா ஞாபகம் இருக்கிறது ராம்கி. பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் இனி நான் சொல்வதை நான் நம்பலாம். அது போதும் எனக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜோசபினையும் ப்ரீத்தியையும் இங்கேயே கூப்பிட்டேன். கேக் கொண்டுவந்தார்கள். பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு ஜோசபினை உட்காரவைத்தேன். தேஜஸும் இருந்தான். பாட்டைப் போட்டேன்.

முதலில் அவள் சிரிப்புதான் வந்தது, அந்தப் பெரிய சிரிப்பு. "ஏட்டி வல்லி, இது ஓடுதா இல்லையா? செவப்பு லைட்டு எரியுது பாரு" என்றாள். பிறகு பாட்டு. பெரிய தொரை பேனாவைத் தேடி மேசை மேசையாக ஓடினார். ப்ரீத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜோசபின் அழவில்லை. கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, யாரோ அடுத்த வீட்டுக்காரி பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். பாதியில் போனை எடுத்து ஏதோ தட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'யாரு இவ? இப்படிக் கத்துறா!' என்று எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அவளுக்குச் சத்தம் வராது, எனக்கும் அப்போது வரவில்லை.

நான் நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் நிறுத்த மறந்திருக்கிறேன். ஏதோ பாத்திரச் சத்தம், ஜோசபினும் நானும் ஊர்வம்பு, டிப்போ சங்கு ஊதுகிறது. அப்புறம் தூரத்தில், சமையலறைப் பக்கத்திலிருந்து, உன் அத்தான் குரல்.

"வல்லி! ஏ வல்லி! பால் பொங்கி ஓடுது பாரு, அடுப்பெல்லாம் போச்சு. உனக்கு இதே வேலையாப் போச்சு!"

தேஜஸ் தலையைத் தூக்கினான். அப்பா குரலை அவன் கேட்டுப் பல வருடம் ஆகிறது. பெட்டிக்குள்ளிருந்து அன்றைய நான் பதில் சொன்னேன்: "வழிஞ்சா வழியட்டும், நீங்க அணைங்க!"

தேஜஸ் சிரித்தான். பிறகு முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் வைத்தது. எழுந்து, "அம்மா, இன்னொரு தடவை போடு" என்றான். போட்டேன். மூன்றாவது தடவை அவனே போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை யாரும் சொல்லாமலே வந்து கேஸ் சிலிண்டரைத் திரும்ப மாட்டினான். தன் பையிலிருந்த இந்த வீட்டுச் சாவியை எடுத்து ஆணியில் தொங்கவிட்டான். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, "பால் வைக்கவா?" என்று கேட்டான். "வை" என்றேன். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பொங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

ப்ரீத்தி கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். பெட்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம், விசிறி இன்னும் இருமுகிறது.

போன் போடு. எடுக்கிறேன்.

அக்கா